மூடிய கதவுக்குள் ஒரு தொழில்: குடும்பநல வழக்கறிஞர் எப்படி உருவாகிறார்?

கண் மருத்துவர் தன் பலகையில் ‘கண் மருத்துவர்’ என்று எழுதிக்கொள்ளலாம். விவாகரத்து வழக்குகளை மட்டுமே 20 ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கறிஞர் தன் பெயர்ப் பலகையில் ‘குடும்பநலச் சட்ட நிபுணர்’ என்று எழுதக் கூடாது. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதி 36, குறிப்பிட்ட ஒரு வகை வழக்கில் தனித் தேர்ச்சி உண்டு என்று பலகையிலோ கடிதத்தாளிலோ காட்டுவதைத் தடுக்கிறது. 2008இல் வந்த தளர்வின்படி சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் என்பவற்றை மட்டும் போடலாம். அமெரிக்காவில் டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் குடும்பச் சட்டத்துக்கென்றே தனித் தேர்வு வைத்து நிபுணர் சான்றிதழ் தருகின்றன. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை.

இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி இந்த வழக்குகள் பொதுமக்கள் இல்லாத தனியறை விசாரணையாகவே நடக்கும். அதைவிட விசித்திரம், 1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது என்றாலும் சட்டத்தின் மனதில் வழக்கறிஞர் அந்த அறைக்கு ஒரு விருந்தாளிதான். ஆக, பலகையில் சொல்ல முடியாது, வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. இந்தத் தொழிலில் திறமை எங்கே விளைகிறது என்று தெரிந்துகொள்வது, இதற்குள் வர நினைக்கும் மாணவருக்கும், வழக்கு வந்துவிட்டு யாரிடம் போவதென்று தவிப்பவருக்கும் ஒருசேரப் பயன்படும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லா வழக்கறிஞருக்கும் அது ஒன்றுதான். பிளஸ் டூ முடித்து 5 ஆண்டு, அல்லது ஒரு பட்டம் முடித்து 3 ஆண்டு எல்.எல்.பி. பொதுப் பிரிவினருக்குத் தகுதித் தேர்வில் 45 விழுக்காடு வேண்டும். பிறகு தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்) வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அடுத்து அகில இந்திய பார் தேர்வு: கொள்குறி வகையில் 100 கேள்விகள். பதிவின்போது கிடைக்கும் எண்ணில் ஆண்டும் சேர்ந்தே வரும். ஒருவர் எத்தனை ஆண்டு அனுபவசாலி என்பதை அவர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை, வக்காலத்தில் (கட்சிக்காரர் வழக்கறிஞரை நியமிக்கும் படிவம்) கையெழுத்துக்குக் கீழே இருக்கும் எண்ணைப் பார்த்தாலே போதும்.

சட்டக் கல்லூரியில் குடும்பச் சட்டம் இரண்டு தாள்கள். மாதிரி நீதிமன்றப் பயிற்சியில், படிப்பு முடிவதற்குள் ஒரு உரிமையியல் விசாரணையையும் ஒரு குற்றவியல் விசாரணையையும் நேரில் பார்த்துக் குறிப்பெழுதினால் போதும். குடும்பநல நீதிமன்றத்தின் கதவு மூடியிருப்பதால் அங்கே ஒரு குறுக்கு விசாரணையை முழுதாகப் பார்த்த மாணவர் அநேகமாக இருக்க மாட்டார். சொத்து வழக்கையோ கொலை வழக்கையோ பின் வரிசையில் உட்கார்ந்து கற்கலாம். இதை ஒரு சீனியரின் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு வக்காலத்தில் பெயரோடு உள்ளே போனால்தான் கற்க முடியும்.

அதனால் ஜூனியர் காலம்தான் உண்மையான கல்லூரி. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வந்துவிடவில்லை. பணத்தைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த அலுவலகத்தில் வழக்குகள் சாட்சிக் கூண்டு வரை போகின்றனவா? பரஸ்பர சம்மத விவாகரத்துகளை மட்டுமே நடத்தும் அலுவலகத்தில் 5 ஆண்டு இருந்தாலும் குறுக்கு விசாரணை கைவராது. நிறைய வாய்தாவும் கொஞ்சம் விசாரணையுமாக இருக்கும் இடத்திலும் அப்படித்தான். 3 ஆண்டு அனுபவம் ஆனதும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், குடும்ப வழக்குகள் அந்தப் பட்டியலுக்கு நிறையவே வருகின்றன. சொந்தமாக ஒரு சாட்சியை முதன்முதலாகக் கையாளும் வாய்ப்பு பல இளைஞர்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது. ஆதரவில்லாத ஒரு பெண்ணின் வழக்கு அது என்பதை நினைவில் வைத்து, கூலி குறைவென்று பாராமல் தயாரித்துக்கொண்டு போக வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். ‘கொடுமை’, ‘கைவிடுதல்’ ஆகிய சொற்களுக்கு ஆங்கிலத் தீர்ப்புகள் தரும் நுட்பமான பொருளை, மேலூரிலிருந்து வரும் ஒரு தாயின் வாய்மொழியோடு பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று தட்டினாலும் வழக்கில் எங்கோ ஓட்டை விழும்.

வழக்கின் விதி பெரும்பாலும் மனு எழுதும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ‘எதிர்மனுதாரர் மனுதாரரைப் பலமுறை அடித்துத் துன்புறுத்தினார்’ என்று எழுதிய மனுக்கள் மூட்டை மூட்டையாக உண்டு. எந்தத் தேதி, எந்த வீடு, யார் பார்த்தார்கள், மருத்துவமனைக்குப் போனாரா, போனால் சீட்டு எங்கே? மனுவில் சொல்லாத சம்பவத்தைப் பிறகு சாட்சியத்தில் சொன்னால் அதை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. நல்ல அலுவலகங்களில் கட்சிக்காரர் முதல் முறை அழுது முடித்துப் போன பிறகு, இரண்டாவது சந்திப்பில் ஒரு நீளத் தாளில் தேதிவாரிப் பட்டியல் போடுவார்கள். திருமணத்துக்கு முந்தைய நிச்சயதார்த்தத்தில் தொடங்கி கடைசியாகப் பேசிய தொலைபேசி அழைப்பு வரை. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே என்ன ஆவணம் இருக்கிறது என்ற குறிப்பு. எதிரே காலியாக இருக்கும் இடங்கள்தான் குறுக்கு விசாரணையில் அடி விழப்போகும் இடங்கள். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காகவே அந்தத் தாள்.

எந்த ஊரில் தாக்கல் செய்வது என்பதிலும் தவறு நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி திருமணம் நடந்த இடம், எதிர்த் தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றோடு, 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி மனுதாரராக இருந்தால் அவர் வசிக்கும் இடமும் செல்லும். குழந்தைக்கான மனுவோ வேறு கணக்கு: காப்பாளர் சட்டத்தின்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம். இரண்டையும் ஒரே ஊரில் போட்டுவிட்டு, குழந்தை மனு திரும்பி வந்த பிறகு விழிப்பவர்கள் உண்டு. திருமணமாகி ஓராண்டு நிறைவதற்குள் விவாகரத்து கேட்பதற்கு 14ஆம் பிரிவின் தடை இருக்கிறது. விதிவிலக்கு கேட்டால் அசாதாரணமான துன்பத்தையோ எதிர்த் தரப்பின் அசாதாரணமான இழிநடத்தையையோ காட்ட வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம், மதம் கடந்து மணந்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம், இஸ்லாமியப் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம் என்று தனித்தனிப் பாதைகள். தமிழ்நாட்டில் இதோடு சுயமரியாதைத் திருமணம் வேறு. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் திருமணத்தை ஏற்கும், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவை அறியாமல், ‘சப்தபதி (அக்கினியை ஏழடி சுற்றும் சடங்கு) நடக்கவில்லை, ஆகவே திருமணமே இல்லை’ என்று எதிருரை எழுதினால் அந்த வாதம் முதல் நாளே விழுந்துவிடும்.

அடுத்தது ஆவணம். மனுதாரர் தரப்பின் முதல் ஆவணமாக, ம.சா.ஆ.1 என்று குறியிடப்படுவது பல வழக்குகளில் திருமண அழைப்பிதழ், அடுத்து திருமணப் புகைப்படம். இதில் ஒன்றும் சிக்கல் வராது. சிக்கல் எல்லாம் கைபேசியில் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தால் மட்டும் அது சாட்சியம் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இரண்டு பகுதி கொண்டது. முதல் பகுதி கருவியை வைத்திருப்பவர் தருவது, இரண்டாவது பகுதி ஒரு வல்லுநர் தருவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணும் எழுத்தும் கலந்த குறி) அதில் குறிக்க வேண்டும். கட்சிக்காரர் இடையில் புதுக் கைபேசி வாங்கி, பழையதைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். அதன் பிறகு அந்த உரையாடலை நிரூபிப்பது படாத பாடு. முதல் சந்திப்பிலேயே ‘இந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து தனியே வையுங்கள்’ என்று எழுத்தில் கொடுத்து அனுப்புவது நல்ல வழக்கம். கணவனும் மனைவியும் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால்? இத்தகைய வழக்குகளில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. ஏற்கலாம் என்பதால் பதிவை ஓடவிட்டதும் வழக்கு வென்றுவிடாது. அதைப் பதிவு செய்தவர் எப்படிச் சண்டையைத் தூண்டினார் என்பதும் அதே பதிவில் கேட்கும்.

குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகளைத் தளர்த்தி எந்த ஆவணத்தையும் ஏற்க நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. இளையவர்கள் பலர் இதை நம்பி ஆவணங்களை முறைப்படி நிரூபிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஏற்பது வேறு, அதற்கு எடை தருவது வேறு. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் கட்டைப் புரட்டும்போது, நிரூபிக்கப்படாத தாள் வெறும் தாளாகவே தெரியும்.

இனிக் குறுக்கு விசாரணை. இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதல் விசாரணை, அதாவது சாட்சி தன் தரப்பில் சொல்வது, நிரூபண வாக்குமூலமாகத் தட்டச்சில் வந்துவிடும். குறுக்கு விசாரணை மட்டும் வாய்மொழி. வழக்கறிஞர் கேட்பார், சாட்சி சொல்வார், நீதிபதி அதை ஒரு வாக்கியமாக்கித் தட்டச்சருக்குச் சொல்வார். கேள்வி பதிவாகாது, கேள்வியும் பதிலும் கலந்த ஒற்றை வாக்கியம்தான் நிற்கும். ‘நான் 2021இல் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று சொன்னால் சரிதான்.’ ‘நான் கணவருடன் வாழ விருப்பமில்லாமல் பொய்யாக வழக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.’ இந்தச் ‘சரிதான்’, ‘சரியல்ல’ ஆகியவற்றின் மேல்தான் தீர்ப்பு எழுதப்படும். எனவே கேள்வி கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. பதிவான வாக்கியம் சாட்சி சொன்னதுதானா என்று கவனித்து, மாறியிருந்தால் அங்கேயே பணிவாகச் சுட்டிக்காட்டித் திருத்த வேண்டும். சாட்சி கையெழுத்துப் போட்ட பிறகு அது கல்வெட்டு.

ஒரு வழக்கமான சூழலை எடுத்துக்கொள்வோம். மனைவியின் மனுவில் 2019 முதலே கணவர் அடித்து வந்ததாக இருக்கிறது. அவரே 2022இல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த முதல் புகாரில் நகை கேட்ட விஷயம் மட்டும் இருக்கிறது. அடித்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. கணவர் தரப்பு வழக்கறிஞர் நேராக ‘புகாரில் அடித்ததாகச் சொல்லவில்லையே?’ என்று பாய்ந்தால் வாய்ப்பு வீண். முதலில் கதவுகளைச் சாத்த வேண்டும். புகார் உங்கள் கையெழுத்தில் எழுதியதா? எழுதும்போது உங்கள் அண்ணன் உடன் இருந்தாரா? படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா? அன்றுவரை நடந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா? நாலுக்கும் ‘ஆமாம்’ வந்த பிறகு புகாரின் நகலைக் காட்டிக் குறியிட்டு, அதில் அடித்த செய்தி இல்லை என்பதை மட்டும் பதிவாக்கிவிட்டு உட்கார வேண்டும்.

இந்த இடத்தில்தான் இளையவர்கள் வழுக்குகிறார்கள். வெற்றிக் களிப்பில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள்: ‘ஏன் எழுதவில்லை?’ சாட்சி சொல்வார்: ‘அப்போது என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அடித்ததை எழுதினால் கணவரைக் கைது செய்துவிடுவார்கள், குடும்பம் உடைந்துவிடும் என்று பயந்து எழுதவில்லை.’ அதுவும் பதிவாகும். அதுவரை கட்டிய சுவர் அந்த ஒரே பதிலில் இடிந்துவிடும். உண்மையில் பல பெண்களின் நிலைமை அதுதான் என்பதையும் மறக்கக் கூடாது. மனைவி தரப்பில் நிற்கும் நல்ல வழக்கறிஞர் இந்த இடைவெளியை முன்பே கண்டு, அந்தக் காரணத்தை மனுவிலேயே எழுதியிருப்பார். எதிரிக்கு அந்தக் கதவைச் சாத்த வாய்ப்பே கிடைக்காது.

இன்னொரு தவறு, தன் தரப்புக் கதையைச் சாட்சியிடம் எடுத்துக் கேட்காமல் விடுவது. கேட்காவிட்டால் எதிர்த் தரப்பு சொன்னதை ஒப்புக்கொண்டதாகப் பொருள்கொள்ள இடமுண்டு. ‘சரியல்ல’ என்றுதான் பதில் வரும் என்று தெரிந்தும் அந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒழுக்கத்தின் மேல் ஆதாரமில்லாத சேற்றை வாரிப் பூசும் கேள்விகள் வேறு. நிரூபிக்க முடியாத கள்ளத்தொடர்புக் குற்றச்சாட்டையே கொடுமை என்று கொண்டு எதிர்த் தரப்புக்கு விவாகரத்து கொடுத்த தீர்ப்புகள் இருக்கின்றன. கட்சிக்காரர் ஆத்திரத்தில் கேட்கச் சொன்னாலும் மறுக்கத் தெரிந்தவர்தான் அவருக்கு நல்லது செய்கிறார்.

ஜீவனாம்சம் கணக்கு வேலை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று வகுத்தது. மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கிடைக்கும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு வழக்கறிஞருக்கு வங்கிக் கணக்கு அறிக்கை படிக்கத் தெரியாமல் காலம் தள்ள முடியாது. சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகை குறைவாக இருக்கும். விருப்பச் சேமநிதியும் அலுவலகக் கடன் தவணையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள், சில வேளை வழக்கு வந்த மாதத்திலிருந்தே. பிடித்தத்துக்கு முந்தைய தொகையையும், அந்தக் கடன் என்று எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. உத்தரவு வாங்கிய பிறகும் ஒரு கண்ணி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, அதன் இடத்தில் இப்போது இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவுப்படி நிலுவையை வாரண்ட் மூலம் வசூலிக்க, அது செலுத்த வேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். ‘மொத்தமாகச் சேரட்டும்’ என்று காத்திருந்தால் பழைய மாதங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

சமரசத்தில் முடிக்கத் தெரிவதும் விசாரணைத் திறமையின் ஒரு பகுதியே. குறுக்கு விசாரணையில் தன் வழக்கு எங்கே நொறுங்கும் என்று தெரிந்தவரால்தான் எந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்வது என்று கட்சிக்காரருக்கு நேர்மையாகச் சொல்ல முடியும். நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்த மையம் நாட்டிலேயே முதலில் 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இரண்டு மனு நிலைகளுக்கு நடுவே வரும் 6 மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் எழுதும்போது மறப்பது எது என்றால், நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கு. வரதட்சணைக் கொடுமை வழக்கைத் தம்பதிகள் கீழ் நீதிமன்றத்தில் தாமாகவே சமரசம் செய்து முடித்துக்கொள்ள முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும், அதற்கு மனைவி ஒத்துழைக்க வேண்டும். பணத்தை முழுதும் முதல் நாளே கொடுத்துவிட்டு ரத்து மனுவைப் பற்றி ஒரு வரியும் எழுதாத ஒப்பந்தமும், ரத்து மனுவில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைப் பின்னால் தருகிறேன் என்ற ஒப்பந்தமும் ஒரே அளவு ஆபத்தானவை. தவணைகளை முதல் மனு, இரண்டாம் மனு, ரத்து உத்தரவு ஆகிய மூன்று நாள்களோடு பிணைத்து, வங்கி வரைவோலையாக நீதிமன்றத்திலேயே கைமாற்றுவதுதான் பாதுகாப்பு. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை விழுக்காடு தனக்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்வது விதி 20இன்படி தவறு. அப்படிக் கேட்பவரிடமிருந்து வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

குழந்தை வழக்குக்கு வேறு மனம் வேண்டும். 5 வயது நிறையாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்கும் என்று இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் நலன் ஒன்றே அளவுகோல். நீதிபதி குழந்தையைத் தனியறையில் கூப்பிட்டுப் பேசும்போது, யாரோ சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனார்கள் என்ற பதிவு போன்ற சின்னத் தாள்கள் இங்கே பெரிய குற்றச்சாட்டுகளைவிடக் கனமானவை. குழந்தையைப் பார்க்கும் நேரத்துக்கான உத்தரவை ‘வார இறுதியில்’ என்று பொதுவாக வாங்கி வருவது அடுத்த சண்டைக்கு விதை. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே ஒப்படைப்பது, பரீட்சை வாரத்தில் என்ன, தீபாவளிக்கு யார் வீடு என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும்.

7 ஆண்டு ஆன வழக்கறிஞர் குடும்பநல நீதிபதி பதவிக்கே தகுதி பெறுகிறார். மத்தியஸ்தப் பயிற்சி 40 மணி நேரம். அதை முடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனவர்களும் உண்டு. மேல்முறையீட்டுக்கென்றே உயர் நீதிமன்றத்துக்கு நகர்பவர்கள் கீழே பதிவான ஒவ்வொரு ‘சரிதான்’னின் விலையையும் அங்கே தெரிந்துகொள்கிறார்கள்.

தீர்ப்பு வந்த நாளிலும் வேலை முடியவில்லை. அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட வேண்டும். குடும்பநல நீதிமன்றச் சட்டம் மேல்முறையீட்டுக்கு 30 நாள் தருகிறது; இந்து திருமணச் சட்டம் 90 நாள் தருகிறது. எது பொருந்தும் என்பதில் உயர் நீதிமன்றங்கள் வரை வாதம் போயிருக்கிறது. கவனமுள்ள வழக்கறிஞர், தோற்ற கட்சிக்காரரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு என்பார். வென்ற கட்சிக்காரரிடம் 90 நாள் கழிந்து, எதிர்த் தரப்பு மேல்முறையீடு எதுவும் போடவில்லை என்று சரிபார்த்த பிறகுதான் மறுமணத்துக்கு நாள் பார்க்க வேண்டும் என்பார். இந்து திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் நிபந்தனை வைக்கிறது. அதை வாய்ப்பேச்சாகச் சொல்லி விடாமல், தேதி போட்டு எழுதி, தீர்ப்பு நகலோடு சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்புவார்.